பேட்டரிக்கு வாரண்டி இல்லை என்ற சொல்லை நம்பி நான் கட்டிய 3,100 ராண்ட்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதைச் சுற்றியும் வசிக்கும் நம்மவர்கள் மடிக்கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. புகார் இன்னும் முழுதாக முடியவில்லை என்பது ஒரு காரணம். அங்கே கேட்ட அதே பேச்சைப் பின்னர் வேறு இரண்டு கடைகளிலும் கேட்டேன் என்பது இன்னொன்று.

2023 மார்ச் 18 அன்று அந்தக் கடையில் ஒரு மடிக்கணினி வாங்கினேன். சனிக்கிழமைகளில் சாட்ஸ்வொர்த்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன்; பாடங்களைத் திரையில் காட்டவும் வகுப்பின் வரவு செலவை எழுதி வைக்கவும் அது தேவைப்பட்டது. லோட் ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்த ஆண்டு அது என்பதால், மின்சாரம் போனாலும் இரண்டு மணி நேரம் தாங்குமா என்று கேட்டுத்தான் வாங்கினேன். ஐந்து மாதம் நன்றாகவே தாங்கியது. ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வகுப்பின் நடுவே மின்சாரம் நின்ற அதே நொடியில் திரையும் இருண்டது. மூலையில் 87 சதவீதம் என்று அதுவரை காட்டிக்கொண்டிருந்ததை நான் மட்டுமல்ல, முன்வரிசைப் பிள்ளைகளும் பார்த்திருந்தார்கள். அதன் பிறகு சார்ஜரைச் செருகினால் மட்டுமே கணினி இயங்கியது. இணைப்பு உண்டு, சார்ஜ் ஏறவில்லை என்ற வாசகமும் பூஜ்ஜியமும் அப்படியே நின்றன.

ஆகஸ்ட் 14 அன்று, வாங்கிய கடைக்கே ரசீதோடு கொண்டுபோனேன். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். "பேட்டரி எல்லாம் கன்ஸ்யூமபிள், அங்கிள். கார் டயர் மாதிரி. வாரண்டியில் வராது" என்றார். லோட் ஷெடிங் முடிந்து மின்சாரம் திரும்பும்போது ஏற்படும் மின்னழுத்த ஏற்றத்தில் போயிருக்கலாம், அப்படியானால் அது என் பொறுப்பு என்றும் சேர்த்துக்கொண்டார். பரிசோதித்துப் பார்க்க 450 ராண்ட், புதிய அசல் பேட்டரிக்கு 2,650 ராண்ட் என்று ஜாப் கார்டில், அதாவது பழுதுபார்ப்புப் படிவத்தில், எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். டயர் உவமை எனக்கு நியாயமாகவே பட்டது. கணினியைத் திரும்பப் பெற 26 நாள் ஆனது.

அந்த உவமையில்தான் ஏமாற்று ஒளிந்திருக்கிறது என்பதை இப்போது அறிந்துகொண்டேன். லித்தியம் அயான் பேட்டரி ஒவ்வொரு முறை நிறைந்து காலியாகும்போதும் சிறிது தேய்கிறது. நான்கு மணி நேரம் தாங்கியது ஒன்றரை ஆண்டில் மூன்று மணி நேரமாகக் குறைந்தால் அது தேய்மானம், அதை எந்தத் தயாரிப்பாளரும் ஈடுசெய்வதில்லை. ஆனால் சார்ஜையே ஏற்க மறுப்பதும், 87 சதவீதத்திலிருந்து ஒரே நொடியில் அணைந்துபோவதும், உப்பிப்போவதும் தேய்மானத்தின் அடையாளங்கள் அல்ல, அவை பழுது. ஐந்தாம் மாதத்தில் டயர் வெடித்தால், அது தேயும் பொருள்தானே என்று யாரும் சொல்வதில்லை அல்லவா? ஆப்பிளின் ஓராண்டு வாரண்டியிலும் பேட்டரி தேயும் பொருள் என்று விலக்கப்பட்டிருக்கிறது. ஆனால் பொருளிலோ வேலைப்பாட்டிலோ உள்ள குறையால் அது செயலிழந்தால் அந்த விலக்கு பொருந்தாது என்பதும் அதே வரியில்தான் இருக்கிறது. டெல் நிறுவனத்தில் கணினிக்கு மூன்றாண்டு வாரண்டி வாங்கினாலும் பேட்டரிக்குப் பொதுவாக ஓராண்டுதான். ஆனால் அந்த ஓராண்டு உண்டு. மூன்றாண்டு என்று பெட்டியில் இருப்பதைப் பார்த்து இரண்டாம் ஆண்டில் பேட்டரிக்காகப் போய் நிற்பவர் ஏமாறுவார் என்பது உண்மையே. முதல் ஆண்டிலேயே போய் நின்ற நான் ஏமாந்திருக்கக் கூடாது.

செப்டம்பர் 9 அன்று கணினி கைக்கு வந்தது. பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன். "புதிய" பேட்டரி ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத் தாங்கியது. சந்தேகம் வந்து, விண்டோஸின் கட்டளைத் திரையைத் திறந்து பவர்சிஎஃப்ஜி கட்டளையோடு பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்துத் (powercfg /batteryreport) தட்டினேன். இதற்குத் தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை; உலாவியில் திறக்கக்கூடிய ஓர் அறிக்கையைக் கணினியே எழுதி வைத்துவிடுகிறது. பேட்டரியின் வடிவமைப்புக் கொள்ளளவு 42,000 மில்லிவாட்-மணி, இப்போது நிறையும் அளவு 31,860, இதுவரை நிறைந்து காலியான சுற்றுகள் 214 என்று அதில் இருந்தது. நேற்று மாட்டிய பேட்டரி 214 சுற்று ஓடியிருக்கிறது! வேறு யாருடைய கணினியிலோ இருந்து கழற்றியதைத்தான் எனக்கு 2,650 ராண்டுக்கு விற்றிருக்கிறார்கள்.

அதே அறிக்கையின் கீழ்ப்பகுதியில் கொள்ளளவின் வரலாறு வாரவாரியாக இருக்கும் என்பதை அன்றுதான் கவனித்தேன். கடை விண்டோஸை மீண்டும் நிறுவாமல் விட்டது என் அதிர்ஷ்டம். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை என் பழைய பேட்டரி 41,000-க்குக் கீழே இறங்கியதே இல்லை. தேய்ந்துபோனது என்று அவர்கள் சொன்ன பேட்டரி தேயவே இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. பழுது தெரிந்த அன்றே இந்த அறிக்கையை எடுத்து, அச்சிட்டு, அதை நீட்டியிருந்தால் டயர்க் கதை மேசையோடு நின்றிருக்கும்.

மறுநாள் தயாரிப்பாளரின் உதவி எண்ணை அழைத்து, கணினியின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணைச் சொன்னேன். பேட்டரிக்கு 2024 மார்ச் வரை வாரண்டி இருக்கிறது, பழுதான பேட்டரியைக் கொண்டுவந்தால் கட்டணமின்றி மாற்றித் தருகிறோம் என்றார்கள். இங்கேதான் நான் உண்மையில் மாட்டிக்கொண்டேன். பழைய பேட்டரியைக் கேட்டுக் கடைக்குப் போனபோது, அதை அப்புறப்படுத்திவிட்டோம் என்றார்கள். ஜாப் கார்டின் நகலை எடுத்துப் பார்த்தேன்: கடைசி வரிக்கு மேலே, எறும்பு அளவு எழுத்தில், "பழைய பாகங்கள் வேண்டாம்" என்ற பொருளில் ஒரு வாசகம், அதன் கட்டத்தில் டிக் குறி. அந்தக் குறியை நான் போடவில்லை. படிவத்தோடு சேர்த்தே அது அச்சிடப்பட்டிருந்தது. படிக்காமல் கையெழுத்திட்டது என் தவறு, அதை மறைக்கவில்லை.

எங்கள் தெருவில் ஓர் அக்கா வழக்கறிஞர் அலுவலகத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் ஆதலால் தமிழைச் சிரமப்பட்டுத்தான் பேசுவார். "தம்பி, நீ வாரண்டி பேப்பரைப் பாக்காத, சட்டத்தைப் பாரு" என்று சொல்லி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்து வைத்தார். 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் சட்டம் அது. 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 56-ஆம் பிரிவின்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் பொருளில் குறை தெரிந்தால் விற்றவரிடமே திருப்பிக் கொடுக்கலாம். அதற்காகத் தண்டமோ செலவோ நம்மீது விழக் கூடாது. பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருடையது, கடைக்காரருடையது அல்ல. தயாரிப்பாளர் தரும் வாரண்டிக்கு மேலாக இந்த உரிமை தனியே நிற்கிறது. ஆகவே அந்த 450 ராண்ட் பரிசோதனைக் கட்டணமே வாங்கியிருக்கக் கூடாத பணம். பழுதுபார்க்கும்போது கழற்றிய பாகங்களைத் தனியே வைத்திருந்து, வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொன்னாலொழியத் திருப்பித் தர வேண்டும் என்பது 67-ஆம் பிரிவு. அச்சிட்ட டிக் குறியின் பயன் என்ன என்பது அப்போதுதான் முழுதாக விளங்கியது.

ஆறு மாதக் கெடு செப்டம்பர் 18. கணினி 26 நாள் கடையிலேயே கிடந்ததற்கும் அந்தக் கெடுவுக்கும் தொடர்பு உண்டா என்று என்னால் நிரூபிக்க முடியாது. அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. செப்டம்பர் 12 அன்று, அறிக்கையையும் ரசீதையும் ஜாப் கார்டையும் இணைத்து, எழுத்தில் மின்னஞ்சல் அனுப்பினேன். அதுவரை நேரிலும் தொலைபேசியிலும் சொன்னதற்கெல்லாம் சாட்சி இல்லை. கடையிலிருந்து வந்த பதில் ஒரே வரி: பயன்படுத்திய மின்பொருள்கள் ஃபுட்ஸ்டுட்ஸ் அடிப்படையில் விற்கப்படுகின்றன. உள்ளது உள்ளபடி என்று பொருள்படும் அந்த ஆஃப்ரிக்கான்ஸ் சொல்லை இந்த நாட்டில் கேட்காதவர் இல்லை. ஆனால் நான் வாங்கியது புதிய கணினி. எந்தக் குறையையும் எனக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்லி நான் ஏற்றுக்கொண்டதும் இல்லை. அப்படிச் சொல்லி ஏற்கவைக்காத வரை சட்டத்தின் முன் அந்தச் சொல் கடையைக் காப்பாற்றாது.

கடை மறுத்த பிறகு, நுகர்வோர் புகார்களை விசாரிக்கும் நுகர்வோர் பொருள் மற்றும் சேவை ஆம்பட் (Ombud) அலுவலகத்தில் இணையம் வழியே புகார் கொடுத்தேன். அதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் முதலில் கடைக்கே புகார் செய்து மறுப்பைப் பெற்றிருக்க வேண்டும் என்பதால், அந்த ஒரு வரி மின்னஞ்சல் எனக்கு உதவியாகவே அமைந்தது. நவம்பரில் 2,650 ராண்ட் என் வங்கிக் கணக்குக்கு வந்தது, விளக்கமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் புதிய பேட்டரியை என் செலவில் மாட்டினேன், ஏனென்றால் கட்டணமின்றி மாற்றித் தரத் தேவையான பழைய பேட்டரி இப்போது எங்கே இருக்கிறது என்று எவரும் சொல்லவில்லை. அந்த 450 ராண்ட் இன்னும் வரவில்லை. சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம், 20,000 ராண்ட் வரையிலான வழக்குகளை வழக்கறிஞர் இல்லாமலே நடத்தலாம் என்று அக்கா தூண்டிக்கொண்டிருக்கிறார். படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறேன்.

சென்ற வாரம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா, திரை உடைந்த கணினியை அதே கடையில் கொடுத்துவிட்டு வந்து, ஜாப் கார்டைப் பார்த்துச் சொல்லுங்கள் ஐயா என்று நீட்டினார். படிவத்தைப் புதிதாக அச்சிட்டிருக்கிறார்கள், கடையின் சின்னமும் நிறமும் மாறியிருக்கின்றன. கடைசி வரிக்கு மேலே உள்ள அந்தக் கட்டத்தில் டிக் குறி அப்படியே இருக்கிறது.