சட்டைப் பையில் இருந்த ஸூம் எஃப்2: டிஸ்லெக்சியா ஆவணப்படத்தின் ஒலிப்பதிவு அனுபவம்

வாசிப்பில் தடையை ஏற்படுத்தும் டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகள் எப்படி வாசிக்கிறார்கள் என்பதைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை எட்டு மாதங்களாகச் சென்னையில் எடுத்து வருகிறோம். இந்த எட்டு மாதங்களில் கேமராவை இரண்டு முறை மாற்றினோம், விளக்குகளை ஒரு கட்டத்தில் முழுவதுமாகக் கைவிட்டோம், காட்சிகளின் வரிசையை எத்தனை முறை மாற்றினோம் என்பதற்குக் கணக்கே இல்லை. இரண்டாம் நாளிலிருந்து இன்றுவரை மாறாமல் இருப்பது ஸூம் எஃப்2 என்ற சிறிய ஒலிப்பதிவுக் கருவி மட்டும்தான். குழந்தைகளை வைத்துப் படம் எடுப்பவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால், அதைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன்.

ஜப்பானின் ஸூம் நிறுவனம் தயாரிக்கும் இந்தக் கருவி தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது. பேட்டரி இல்லாமல் 32 கிராம் எடை. இரண்டு டிரிபிள் ஏ பேட்டரிகளில் இயங்குகிறது. சட்டையில் குத்திக்கொள்ளும் காலர் மைக் ஒன்று உடன் வருகிறது. அந்த மைக்கின் பிளக்கைத் திருகிப் பூட்டிவிடலாம் என்பதால், குழந்தை ஓடியாடினாலும் கழன்று விழுவதில்லை. ஒலியை வானலை வழியாக எங்கும் அனுப்பாமல், உள்ளே இருக்கும் மைக்ரோ எஸ்டி கார்டிலேயே பதிவு செய்துகொள்கிறது. திரை கிடையாது. பதிவின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வழியும் கிடையாது. கடையில் முதன்முதலாகக் கையில் எடுத்தபோது, இவை இல்லாமல் என்ன கருவி என்றுதான் எனக்கும் தோன்றியது.

முதல் நாள் நாங்கள் கொண்டு சென்றது நீண்ட கோலில் கட்டிய பூம் மைக். சிறப்பு ஆசிரியர் ஒருவர் நான்கு குழந்தைகளுக்கு மட்டும் வாசிப்புப் பயிற்சி அளிக்கும் அறை அது. மின்விசிறியின் இரைச்சல் பதிவில் ஏறுகிறது என்று விசிறியை நிறுத்தினோம். பத்து நிமிடத்தில் குழந்தைகளின் முகம் வியர்த்து, கவனம் சிதறிவிட்டது. அதைவிடப் பெரிய சிக்கல், தலைக்கு மேலே தொங்கிய அந்த மைக்கைக் குழந்தைகள் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்ததுதான். வகுப்பில் பலர் முன் சத்தமாக வாசிக்கச் சொல்லி, திணறி, மற்றவர்கள் சிரித்த நினைவை ஏற்கெனவே சுமந்து வந்திருக்கும் பிள்ளைகள் அவர்கள். அவர்களுடைய தலைக்கு மேல் ஒரு மைக்கைப் பிடித்துக்கொண்டு வாசிக்கச் சொல்வது, அதே தண்டனையை நாங்களும் ஒருமுறை கொடுப்பதாகவே இருந்தது. அன்று எடுத்தவற்றில் ஒரு நிமிடம்கூடப் படத்தில் இல்லை.

மறுநாள் எஃப்2-ஐ வாடகைக்கு எடுத்து, ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனின் சட்டைப் பையில் வைத்தோம். கேமராவை அறையின் மூலைக்குத் தள்ளிக்கொண்டோம். விசிறி ஓடியது. அன்று அவன் வாசித்த பாடத்தில் 'பொம்மை' என்ற சொல் இருந்தது. கேமராவுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்டதெல்லாம், அந்தச் சொல்லுக்கு முன்னால் அவன் நிறுத்தியது, நீண்ட மௌனம், பிறகு தெளிவாக 'பொம்மை' என்று சொன்னது, அவ்வளவுதான். இரவு கணினியில் ஹெட்போன் மாட்டிக் கேட்டபோதுதான் அது மௌனமே இல்லை என்று தெரிந்தது. பதினோரு நொடிகள் அவன் உதட்டுக்குள்ளேயே வேலை செய்திருக்கிறான். 'பெ' என்று தொடங்குகிறான். நிறுத்துகிறான். மீண்டும் 'பெ'. மூச்சை இழுக்கிறான். 'பா' என்று முயல்கிறான். பிறகு மிக மெல்ல, ஏறக்குறைய காற்றாகவே, 'பொ' என்கிறான்.

அவன் ஏன் அப்படிச் சென்றான் என்பதைச் சிறப்பு ஆசிரியர் எங்களுக்கு விளக்கினார். தமிழில் 'பொ' என்ற எழுத்தில் ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்கிறது, மெய்க்குரிய வடிவம் நடுவில், துணைக்கால் பின்னால். காது கேட்பது 'ப்' என்ற ஒலியை முதலிலும் 'ஒ' என்ற ஒலியை அடுத்தும். கண் பார்ப்பதோ கொம்பை முதலில். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டி வாசிக்கும் குழந்தை 'பெ' என்று முடிவு செய்த பிறகு துணைக்காலைச் சந்திக்கிறது, தான் சொன்னதைத் திரும்பப் பெற்றுப் புதிதாகக் கூட்ட வேண்டியிருக்கிறது. அதே சொல்லின் கடைசியில் வரும் 'மை'யிலும் கொம்பு முன்னால்தான் வருகிறது. பழகிய நாம் இதைக் கவனிப்பதே இல்லை. ஆங்கிலத்தில் 'b', 'd' என்ற சிறிய எழுத்துகளை இடம் வலம் மாற்றிப் படிப்பதுதான் டிஸ்லெக்சியா என்று பொதுவாகப் பேசப்படுகிறது. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் உள்ள தடைதான் அதன் மையம், அது ஒவ்வொரு மொழியிலும் அந்த மொழியின் எழுத்துமுறைக்கேற்ற இடத்தில் வெளிப்படுகிறது என்பதை நான் புரிந்துகொண்டது அந்தப் பதினோரு நொடிப் பதிவிலிருந்துதான். எங்கள் படம் அன்றுதான் உண்மையில் தொடங்கியது.

இந்த ஒலி பதிவானதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று உண்டு. எஃப்2 ஒலியை 32 பிட் ஃப்ளோட் என்ற முறையில் பதிவு செய்கிறது. வழக்கமான 16 அல்லது 24 பிட் பதிவில், ஒலி எவ்வளவு உரக்க வரும் என்பதை முன்கூட்டியே ஊகித்து அளவை வைக்க வேண்டும். மெல்லிய குரலுக்கென வைத்தால், குழந்தை திடீரெனக் கத்தும்போது ஒலி வெடித்து உடைந்துபோகும், கத்தலுக்கென வைத்தால் முணுமுணுப்பு அடியில் புதைந்துபோகும். 32 பிட் ஃப்ளோட் முறையில் எண்களின் வீச்சு மிகப் பெரியது என்பதால், இரண்டையும் ஒரே பதிவில் வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் பிறகு எடிட்டிங்கில் ஏற்றவோ இறக்கவோ முடியும். எங்கள் பிள்ளைகள் ஒரு சொல்லை உதட்டுக்குள் கூட்டுவதும், சரியாக வந்தவுடன் "மிஸ், வந்துடுச்சு!" என்று மேசையைத் தட்டிக் கூவுவதும் இரண்டு நொடி இடைவெளியில் நடப்பவை. எந்த ஒலிப்பதிவாளராலும் அந்த இடைவெளியில் கையால் அளவை மாற்ற முடியாது. ஆனால் இந்த முறை மைக்கின் இயல்பான இரைச்சலையோ அறையின் சத்தத்தையோ குறைத்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். மைக் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்ததால்தான் விசிறி பின்னணிக்குச் சென்றது.

இதே இடத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கைப்பேசிகளிலும் கேமராக்களிலும் உள்ள தானியங்கி ஒலியளவு வசதி, பேச்சு நின்றவுடன் அளவைத் தானாக உயர்த்துகிறது. அதனால் குழந்தை தயங்கும் இடமெல்லாம் விசிறியின் இரைச்சல் பொங்கி எழுகிறது. இரைச்சல் நீக்கும் மென்பொருள்களோ இதற்கு நேர்மாறாக, மெல்லிய முணுமுணுப்பையும் இரைச்சலாகவே எண்ணி அழித்துவிடுகின்றன. எங்கள் முதல் தொகுப்பில் அப்படி ஒரு மென்பொருளைப் போட்டுப் பார்த்தோம். ஒலி பளிங்குபோல் சுத்தமாக இருந்தது, சிறுவனின் உழைப்பு முழுவதும் காணாமற்போயிருந்தது. பார்ப்பவருக்கு அவன் பதினோரு நொடிகள் சும்மா உட்கார்ந்திருப்பதாகவே தோன்றியிருக்கும். விசிறிச் சத்தத்தோடு உள்ள மூலப் பதிவையே படத்தில் வைத்திருக்கிறோம்.

தனியாகப் பதிவு செய்யும் கருவி என்பதால், படத்தோடு ஒலியைப் பிறகு பொருத்த வேண்டும். அதற்கு வழக்கமாகக் கிளாப் பலகை அடிப்பார்கள். அந்த அறையில் அதை அடிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. தேவையும் ஏற்படவில்லை. அந்த ஆசிரியர் ஒவ்வொரு வகுப்பையும் சொற்களை அசை அசையாகப் பிரித்துக் கைதட்டும் பயிற்சியோடு தொடங்குவார்: 'அம்-மா' என்றால் இரண்டு தட்டு, 'பட்-டாம்-பூச்-சி' என்றால் நான்கு. சொல்லுக்குள் இருக்கும் ஒலிக்கூறுகளைக் காதால் பிரித்தறியப் பழக்குவதற்கான பயிற்சி அது. ஐந்து பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் தட்டும் அந்தக் கைத்தட்டல், ஒலி வரைபடத்தில் கோபுரம்போல் எழுந்து நின்றது. எட்டு மாதக் காட்சிகளையும் அதை வைத்தே பொருத்தினோம். நீண்ட பதிவுகளில் இரு கருவிகளின் கடிகாரமும் மெல்ல விலகக்கூடும் என்பதால், வகுப்பின் முடிவிலும் ஒரு சொல்லுக்குக் கைதட்டும்படி கேட்டுக்கொண்டோம்; பிள்ளைகள் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு மிக நீளமான சொற்களாகத் தேடிக் கொண்டுவரத் தொடங்கினார்கள்.

குறைகளுக்கு வருகிறேன். பதிவு நடக்கும்போது தூரத்திலிருந்து கேட்க முடியாது. கருவியில் நேரடியாக ஹெட்போனைச் செருகினால்தான் கேட்கும், குழந்தையின் சட்டைப் பையில் அது நடக்காத காரியம். எஃப்2-பிடி என்ற புளூடூத் வகையைக் கைப்பேசி வழியாக இயக்கலாம். ஒலியை நேரடியாகக் கேட்பதற்கு அதுவும் உதவாது. எனவே பதிவு சரியாக வந்ததா என்பது மாலையில்தான் தெரியும். கஞ்சி போட்ட பள்ளிச் சீருடையில் மைக் உரசி ஒரு முழுக் காலையின் பதிவை இழந்தோம். அதன் பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் காகிதப் பிளாஸ்திரியால் மைக்கைத் துணியின் உட்புறம் ஒட்டி, அதன் கம்பியை ஒரு சிறு வளையமாக விட்டுவிடப் பழகினோம். ஹோல்டு பொத்தானைப் போட்டுப் பூட்டாமல் கொடுத்தால், பிள்ளைகளின் விரல் பதிவை நிறுத்திவிடும். மைக் எல்லாத் திசைகளிலிருந்தும் ஒலியை வாங்குவது என்பதால், பக்கத்தில் இருப்பவரின் குரலும் கூடவே வரும். இவை அனைத்தும் முன்கூட்டியே தெரிந்திருந்தால் சமாளிக்கக்கூடியவைதான். ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 690 எம்பி இடம் எடுக்கிறது. 32 ஜிபி கார்டில் 40 மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். காலை வழிபாட்டிலிருந்து மாலை மணி அடிக்கும்வரை ஒரு ஜோடி பேட்டரி எங்களுக்குத் தாங்கியது.

நான் மிகவும் கவலைப்பட்டது வேறொன்றைப் பற்றி. இந்தக் கருவி அணிந்திருப்பவருக்கே மறந்துபோகும். படத்துக்கு நல்லதான அந்த இயல்பு குழந்தைக்கு எப்போதும் நல்லதல்ல. மூன்றாம் வாரத்தில் ஒருநாள், இடைவேளையில் இரண்டு பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொண்ட வீட்டு விஷயம் ஒன்று பதிவாகிவிட்டது. அந்தக் கோப்பை அதே மாலை பெற்றோரின் கண்முன்னே அழித்தோம். மணி அடித்தவுடன் கருவியைக் கழற்றி ஆசிரியரின் மேசைமேல் வைத்துவிட வேண்டும், மறுபடி மாட்டுவதற்கு முன் குழந்தையிடம் கேட்க வேண்டும் என்று அன்றே விதி வகுத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு அந்தச் சிறுவன் தானாகவே பையைத் தொட்டுப் பார்த்து, "அண்ணா, இது இப்போ ஓடுதா?" என்று கேட்கத் தொடங்கினான். ஓடுகிறது என்றால் ஓடுகிறது என்றே சொன்னோம். ஒருநாள் வேண்டாம் என்றான். அன்று கேமராவை மட்டும் வைத்துக்கொண்டோம். பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் ஒன்றே போதும் என்று எண்ணி இத்தகைய கருவியைக் குழந்தையின் உடம்பில் மாட்டக்கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

பிரிங்கில் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1896-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். பிறவியிலேயே எழுத்தறிதலில் தடை உள்ள ஒருவனைப் பற்றிய முதல் மருத்துவக் குறிப்புகளில் ஒன்று அது. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே இருந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக அதில் வருகிறது. சென்னையில் 1991-இலேயே மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் தொடங்கப்பட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்சியா உள்ளிட்ட குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுத உதவியாளரும் கேட்டுப் பெற முடிகிறது. இத்தனைக்குப் பிறகும் நாங்கள் பேட்டி கண்ட பெற்றோர்களில் பெரும்பாலோர், தங்கள் பிள்ளை முயற்சியே செய்வதில்லை என்றுதான் முதலில் எண்ணியதாகச் சொன்னார்கள். 'பொம்மை'ப் பதிவை அந்தச் சிறுவனின் தந்தைக்கு, அவனிடம் சம்மதம் கேட்ட பிறகே, ஹெட்போனில் போட்டுக் காட்டினோம். அவர் இரண்டாம் முறையும் கேட்டார். "இவன் சும்மா பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கான்னுதாங்க நான் தலையில கொட்டுவேன்" என்றார். அதை அவர் கேமரா முன்பு சொல்லவில்லை, படத்தில் சேர்க்கவும் நாங்கள் கேட்கவில்லை. பெயரில்லாமல் எழுத்தில் குறிப்பிட மட்டும் அவருடைய அனுமதியைப் பெற்றிருக்கிறேன்.

நேர்காணல் மட்டுமே எடுப்பவர்களுக்கும், பதிவை உடனுக்குடன் கேட்டுச் சரிபார்த்தாக வேண்டியவர்களுக்கும் இது பொருந்தாது. அவர்கள் கம்பியில்லா மைக் தொகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வதே நல்லது. வகுப்பறை, வீடு, மருத்துவமனை போன்ற இடங்களில் இரண்டு பேர் கொண்ட சிறு குழுவாகச் சென்று, நாள் முழுவதும் ஒருவரின் குரலை நெருக்கத்திலிருந்து பதிவு செய்ய வேண்டியவர்களுக்கு எஃப்2-ஐத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஒன்று மட்டும் வாங்கினால் ஆசிரியரின் குரல் தூரத்தில் நின்றுவிடும் என்பது எங்கள் அனுபவம். ஐந்தாம் மாதத்தில் இரண்டாவது கருவியை வாங்கி ஆசிரியருக்கு மாட்டிய பிறகுதான், அவர் பிள்ளைகளின் காதருகே குனிந்து "அவசரமே இல்ல கண்ணு, மெதுவா கூட்டிப் பாரு" என்று எத்தனை முறை சொல்கிறார் என்பது எங்களுக்குக் கேட்டது. மைக்கின் முனையில் மாட்டும் சிறு பஞ்சு உறை எளிதில் தொலைந்துபோகும். பிள்ளைகளுக்கு அதைப் பிடுங்கி விளையாடுவது பிடிக்கும். நான்கைந்து உறைகளைக் கூடுதலாக வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.