ஓராண்டுத் தீப் பாதுகாப்புப் பட்டயம்: கொடுத்ததும் கிடைத்ததும்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் சித்தி மகன், தென்மாவட்ட நகரம் ஒன்றிலுள்ள தனியார் பயிற்சி நிலையத்தில் தீ மற்றும் தொழிற்பாதுகாப்புப் பட்டயப் படிப்பை அண்மையில் முடித்தான். கட்டணத்தில் ஒரு பகுதியை நான் கொடுத்தேன். தொழிற்சாலைப் பாதுகாப்புப் பணியில் நானே இருக்கிறேன். எனவே, அந்தச் சான்றிதழ் கேட்ட பணத்துக்கும் தந்த வருமானத்துக்கும் கணக்குப் பார்த்து எழுதுகிறேன்.

செய்முறைப் பயிற்சி உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஓய்வுபெற்ற தீயணைப்பு அலுவலர் ஒருவர் ஹைட்ரண்டில் (தீயணைப்புக்கு நீர் தரும் குழாய்முனையில்) குழாயைப் பொருத்தி விரிப்பதையும், மூச்சுக் கருவி அணிந்து புகை நிறைந்த அறைக்குள் ஆளைத் தேடுவதையும் கை பழகும்வரை செய்ய வைத்தார். எரியும் எண்ணெயின் மேல் நீரைப் பாய்ச்சினால் ஏன் தீ பரவுகிறது, அங்கே நுரை எப்படி வேலை செய்கிறது என்பதை என் தம்பி இன்று தெளிவாக விளக்குகிறான். ஆனால் பாடப்பகுதி மெலிவானது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் நான்காம் பகுதி, தீ மற்றும் உயிர்ப் பாதுகாப்பைப் பற்றியது. வெளியேறும் வழிகளும் மாடிப்படிகளும் எப்படி அமைய வேண்டும் என்று சொல்வது அதுதான். அதை ஒருநாளும் வகுப்பில் திறக்கவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி செலவு. கட்டணம் 48,000 ரூபாய். சீருடைக்கும் தேர்வுக்கும் 7,000. அறை வாடகையும் சாப்பாடும் மாதம் 6,000 வீதம் ஆண்டுக்கு 72,000. ஆக, கையிலிருந்து போனது 1,27,000 ரூபாய். விளம்பரத்தில் முதல் எண் மட்டுமே இருந்தது. அவன் அந்த ஆண்டு ஊரிலிருந்தே மாதம் 12,000 ரூபாய் வேலைக்குப் போயிருந்தால் ஈட்டியிருக்கக்கூடிய 1,44,000 ரூபாயையும் சேர்த்தால் உண்மையான விலை 2,71,000 ஆகிறது.

படித்தபின் கிடைத்தது, ஒப்பந்ததாரர் ஒருவரிடம் ஃபயர் வாட்ச் வேலை. பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தி வைக்கும் ஷட்டவுன் காலத்தில் வெல்டிங் நடக்கும் இடத்தருகே தீயணைப்பானுடன் நின்று, தீப்பொறி எழும் வேலைக்குத் தரும் அனுமதிச்சீட்டான ஹாட் வொர்க் பெர்மிட்டில் சொன்னபடி வேலை நடக்கிறதா என்று கண்காணிக்கும் பொறுப்பு. தங்குமிடத்துடன் சம்பளம் 15,000. அதாவது, சான்றிதழ் இல்லாமல் வந்திருக்கக்கூடியதைவிட மாதம் 3,000 கூடுதல். இந்தக் கூடுதல் தொகையைக் கொண்டு 2,71,000 ரூபாயை மீட்க ஏழரை ஆண்டுகள் ஆகும். ஷட்டவுன் முடிந்து அடுத்த வேலை வரும்வரை ஊதியமின்றிக் காத்திருக்கும் வாரங்களை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

சம்பளம் ஏன் அங்கேயே நிற்கிறது என்பதற்குச் சட்டத்தில் விடை இருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 40பி பிரிவு, ஆயிரம் தொழிலாளர்கள் உள்ள ஆலைக்குப் பாதுகாப்பு அலுவலர் வேண்டும் என்றது. 2020-இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த எண்ணிக்கையை 500 ஆகக் குறைத்தது. வேலைவாய்ப்பு பெருகும் என்று பயிற்சி நிலையங்கள் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் அந்தப் பதவிக்குப் பொறியியல் அல்லது அறிவியல் கல்வித்தகுதி, ஆலை அனுபவம், அரசு அங்கீகரித்த தொழிற்பாதுகாப்புப் பட்டயம் ஆகியவற்றைக் கேட்கிறார்கள். சென்னையில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் கழகம் நடத்தும் மேம்பட்ட பட்டயம் அத்தகையது. ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்திருப்பதையே அரசு அங்கீகாரம் போலக் காட்டித் தரப்படும் சான்றிதழ் அந்த இடத்துக்கு எடுபடாது.

அரசுத் தீயணைப்புத் துறையில் சேரலாம் என்றும் நிலையத்தில் சொன்னார்கள். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் தீயணைப்பாளர் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியைத்தான் கேட்கிறது. எழுத்துத் தேர்விலும் உடற்தகுதித் தேர்விலும் தேறியவர்களுக்கு அரசே பயிற்சி தருகிறது. 18,200 ரூபாயில் தொடங்கும் அந்த ஊதிய விகிதத்துக்காக யாரும் தனியார் பட்டயத்துக்குப் பணம் கட்டத் தேவையில்லை.

வளைகுடாவுக்குப் போக நினைப்பவர்களும் பணம் கட்டுவதற்கு முன் அங்குள்ள வேலை அறிவிப்புகளைப் படிக்க வேண்டும். 1979 முதல் இயங்கும் பிரிட்டனின் தொழிற்பாதுகாப்புத் தேர்வு வாரியமான நெபோஷின் சான்றிதழைப் பல நிறுவனங்கள் பெயர் சொல்லியே கேட்கின்றன. கூடவே சில ஆண்டு அனுபவத்தையும் கேட்கின்றன. என் தம்பியிடம் இருக்கும் சான்றிதழின் பெயரை நான் பார்த்த எந்த அறிவிப்பிலும் காணவில்லை.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர் உள்ளூரிலேயே வார இறுதியில் இதைப் படிக்க முடிந்தால் என் முடிவு வேறாக இருக்கும். அறை வாடகையும் இழந்த சம்பளமும் கழிந்து செலவு 55,000 ரூபாயாக இறங்கும். அதே 3,000 ரூபாய் உயர்வில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் அது திரும்பிவிடும். அப்படியொரு வகுப்பு உண்டா என்று நிலையத்தில் கேட்டேன். முழுநேர வகுப்பு மட்டுமே நடத்துவதாகச் சொன்னார்கள்.