பேட்டன்ட் நம்பர் வாங்கித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் ஜாக்கிரதை

நேற்று மத்தியானம் வரைக்கும் என் பட்டறைச் சுவரில் ஒரு பிரேம் தொங்கியது. தங்க நிறக் கரை போட்ட காகிதம், நடுவில் என் பெயர், கீழே 202441 என்று தொடங்கும் ஒரு நம்பர். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் காட்டியிருக்கிறேன். அதற்கு நான் கொடுத்த விலை 38,500 ரூபாய். நேற்றுக் கழற்றிக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

களியக்காவிளையிலிருந்து உள்ளே போகும் சாலையில் சின்னதாக ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் நாலு ரப்பர் மரமாவது இல்லாத குடும்பம் குறைவு. மழைக்காலத்தில் பால்வெட்டு நிற்காமல் இருக்க, வெட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றி பிளாஸ்டிக் ஷீட்டைப் பாவாடை மாதிரி கட்டுவார்கள். தார்ப்பசை தேய்த்து ஸ்டேப்ளர் அடிப்பார்கள். கொஞ்சம் இடைவெளி விழுந்தாலும் பட்டை வழியாகத் தண்ணீர் இறங்கிச் சிரட்டையில் இருக்கிற பாலைக் கெடுத்துவிடும். வருஷா வருஷம் புதுப் பசை, புதுக் கூலி. நான் செய்தது ஒரு ஸ்பிரிங் கொக்கி, அதோடு ஒரு ரப்பர் பட்டை. பசை வேண்டாம், மரம் பருக்கப் பருக்கத் தானே இளகிக் கொடுக்கும், கழற்றி அடுத்த வருஷமும் மாட்டலாம். மாமனார் தோட்டத்தில் மூன்று மழைக்கு மாட்டிப் பார்த்த பிறகுதான் பேட்டன்ட், அதாவது வேறு எவனும் இதைச் செய்து விற்காமல் தடுக்கிற உரிமை, வாங்கும் எண்ணமே வந்தது.

போனில் விளம்பரம் பார்த்துக் கூப்பிட்டேன். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு பேட்டன்ட் கன்சல்டன்சி. மறுநாளே ஒரு பையன் பைக்கில் வந்து இறங்கினான். சட்டை கசங்காத பையன். டீ குடித்தான், தோட்டத்துக்கு வந்தான், மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கொக்கியை இழுத்துப் பார்த்தான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சி, இதை இனி ஒருத்தருக்கும் காட்டாதீங்க. முதல்ல நம்பர் வாங்கிடுவோம்" என்றான். அந்த இடத்தில்தான் விழுந்தேன். ஏமாற்றுகிறவன் ரகசியத்தைக் காப்பாற்றச் சொல்வானா என்று நினைத்தேன். கிரீஸ் கையோடு அவன் நீட்டிய வெற்று ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டேன். ஃபாரம் 26, என் சார்பில் எல்லாம் செய்ய அவர்களுக்கு அதிகாரம் கொடுக்கிற தாள். முன்பணம் 20,000, நம்பர் வந்ததும் 18,500. மனைவி சீட்டு எடுத்த பணம்.

2024 மார்ச்சில் நம்பர் வந்தது, பிரேமும் வந்தது. "இனி தைரியமா விக்கலாம் அண்ணாச்சி" என்றான். விற்றேன். அந்த மழைக்கே 640 கொக்கி போனது.

இந்த மே மாதம் பாறசாலைப் பக்கம் ஒரு கடையில் அச்சு அசலாக என் கொக்கி, கறுப்பு பிளாஸ்டிக்கில், என் விலையில் பாதிக்குத் தொங்குகிறது. கன்சல்டன்சிக்குப் போன் செய்தால் ஒரு பெண் எடுத்து "ஸார் மீட்டிங்கிலாணு" என்கிறாள். பதினோரு நாள் அதே மீட்டிங். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. பையன் ஒருநாள் எடுத்து, "நான் இப்போ அங்க இல்ல அண்ணாச்சி" என்று வைத்துவிட்டான். கடைசியில் மேனேஜர் என்று ஒருவர் பேசினார்: "கம்ப்ளீட் ஸ்டேஜுக்குத் தனி பேக்கேஜ், மெயில் அனுப்பினோமே, நீங்க ரெஸ்பான்ட் பண்ணல." அப்படி ஒரு மெயில் எனக்கு வரவே இல்லை.

நேற்று நாகர்கோவிலில் பதிவு பெற்ற பேட்டன்ட் ஏஜென்ட் ஒருவரிடம் போனேன். நம்பரை அடித்துப் பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். விண்ணப்பம் கைவிடப்பட்டது, பேட்டன்ட் சட்டம் பிரிவு 9(1).

அவர் சொல்லி நான் புரிந்துகொண்டது இது. இவர்கள் போட்டது புரோவிஷனல், அதாவது இடம் பிடித்து வைக்கிற அரைகுறை விண்ணப்பம். அதில் தப்பில்லை, பெரிய கம்பெனிகளும் போடுவதுதான். ஆனால் 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பை, அதாவது பொருள் எப்படி வேலை செய்கிறது, எதற்கு உரிமை கேட்கிறோம் என்று முழுசாக எழுதியதை, கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் விண்ணப்பம் செத்தது, முதலில் தாக்கல் செய்த தேதியும் அதோடு போச்சு. சரி, புதிதாகப் போடலாமே என்றேன். "போடலாம், ஆனா நீங்களே வித்துட்டீங்களே" என்றார். முதல் தேதி நின்றிருந்தால் அந்த விற்பனை பாதிக்காது. இப்போது போட்டால் நான் விற்ற 640 கொக்கியே, இது புதுசு இல்லை என்பதற்குச் சாட்சி. தைரியமாக விற்கலாம் என்றானே, அந்த வாய்!

இன்னும் இருக்கிறது. கன்சல்டன்சி தாக்கல் செய்திருந்த இரண்டு பக்கத்தையும் ஏஜென்ட் படித்துப் பார்த்தார். ரப்பர் மரத்துக்கு மழை மறைப்பு என்று பொதுவாக எழுதியிருக்கிறது. ஸ்பிரிங் என்ற சொல்லே இல்லை. நான் கையால் வரைந்து கொடுத்த நாலு படத்தில் ஒன்றுகூட இல்லை. முதலில் எழுதியதை ஒட்டித்தான் பின்னால் உரிமை கேட்க முடியுமாம். ஆக, கெடுவுக்குள் முழுசாகப் போட்டிருந்தாலும் கொக்கிக்கு அந்தத் தேதி கிடைத்திருக்காது. தனி ஆள் ஆன்லைனில் விண்ணப்பம் போட அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். நான் கொடுத்தது 38,500. மீதி அந்த இரண்டு பக்கத்துக்கும் தங்கக் கரைக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "எங்க டெர்ம்ஸ்ல திருவனந்தபுரம் கோர்ட்தான்" என்கிறார்கள். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும், நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் கிடையாது. திங்கட்கிழமை நாகர்கோவில் போகிறேன்.

மற்றவர்களுக்குப் பத்து விஷயம் சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன், மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது, இரண்டு மூன்று மட்டும். பணம் கொடுக்கும் முன், ஆள் பதிவு பெற்ற பேட்டன்ட் ஏஜென்ட்தானா என்று அரசு இணையதளப் பட்டியலில் பாருங்கள். வெற்று ஃபாரத்தில் கையெழுத்து வேண்டாம். தாக்கல் செய்ததை இங்கிலீஷ் தெரிந்த பிள்ளைகளை விட்டு வரிக்கு வரி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், உங்கள் பொருளின் உயிர்நாடி அதில் இருக்கிறதா என்று. நம்பரை மட்டும் வைத்து எவன் மேலும் கேஸ் போட முடியாது, அதற்குப் பேட்டன்ட் வழங்கப்பட்டிருக்க வேண்டும். கேரளாவில் இருப்பவர்களுக்குத் திருவனந்தபுரத்திலும், நமக்குச் சென்னையிலும் அரசின் பேட்டன்ட் தகவல் மையம் இருக்கிறது. எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

அப்புறம், இந்த மாதிரி ஆட்களிடம் ஏற்கெனவே புரோவிஷனல் போட்டுவிட்டவர்கள் தாக்கல் தேதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். 12 மாதம் முடியாமல் இருந்தால் உடனே வேறு ஏஜென்ட்டிடம் ஓடுங்கள்.