டேங்க் நிரப்பினால் மட்டும் திணறிய கார்

ஆழியாறு சோதனைச்சாவடி தாண்டி வால்பாறை ஏறுகிறவர்களுக்குத் தெரியும், நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. என் காரின் நோய் எனக்கு அந்தப் பலகைகளோடுதான் நினைவிருக்கிறது. நாலாவது வளைவில் முதல் திணறல். ஏழாவதில் இன்னொன்று, பின்னால் அரசுப் பேருந்தின் ஹாரன். ஒன்பதாவதில், எல்லோரும் அணையைப் பார்க்கவும் வரையாடு பார்க்கவும் நிறுத்துகிற இடத்தில், நான் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் எஞ்சினைப் பார்த்தபடி நின்றேன்.

திணறல் என்றால் இப்படி. வளைவில் இரண்டாவது கியருக்கு இறங்கி, வண்டியைத் திருப்பி, ஆக்சிலேட்டரை மிதிக்கிறேன். ஒரு நொடி எதுவும் நடக்காது. கால் கீழே போகிறது, வண்டி போகவில்லை. அப்புறம் யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டது போல ஒரே இழுப்பு. சமவெளியில் இது வெறும் எரிச்சல். ஏற்றத்தில், ஒரு பக்கம் பள்ளமும் எதிரே தேயிலை லாரியுமாக இருக்கும்போது, அந்த ஒரு நொடி ரொம்ப நீளம்.

வண்டி 2018 மாடல், பிஎஸ் 4, 1.2 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல், மேனுவல் கியர். கம்பெனி பெயரை விட்டுவிடுகிறேன், இந்தக் கோளாறு எந்தப் பெட்ரோல் காருக்கும் வரக்கூடியது. தொடங்கியது 71,000 கிலோமீட்டரில். இப்போது 98,000 ஓடியிருக்கிறது. நடுவில் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் தெரு முக்கு மெக்கானிக். நல்ல கை. பிளக்கைக் கழற்றிக் காட்டினார். முனை தேய்ந்து இடைவெளி விரிந்திருந்தது, நாலையும் மாற்றினோம். மிதிக்கும்போது திறந்து எஞ்சினுக்குக் காற்று விடும் த்ராட்டில் பாடியைத் திறந்தால் தட்டின் ஓரமெல்லாம் கறுப்பு, அதையும் சுத்தம் செய்தார். 2,600 ரூபாய். பத்து நாள் வண்டி புதுசு மாதிரி இருந்தது. அடுத்த முறை மலை ஏறும்போது ஐந்தாவது வளைவில் பழைய கதை.

அடுத்து ஒரு பெரிய சர்வீஸ் சென்டர். ஸ்கேனரை மாட்டினார்கள், பிழைக் குறியீடு எதுவும் இல்லை. "செக் எஞ்சின் லைட்டே வரலியே சார், வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். நான் விடாமல் நின்றதால் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில் இரண்டை மாற்றினார்கள். 6,800 ரூபாய். பலன் சைபர். மூன்றாவதாக ஒருவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது பம்புதானுங்க. பிரஷர் பத்தல" என்றார். பிரஷரை அளந்தீர்களா என்று கேட்டேன். "ஓட்டும்போதே தெரியுதுங்ளே" என்றார். டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் அந்தப் பம்பின் விலையைக் கேட்டதும் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இதற்கிடையில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் சொன்ன தீர்ப்பு, பெட்ரோல் சரியில்லை. தண்ணீர் கலந்திருக்கும், எத்தனால் கலக்கிறார்கள், அந்த பங்கில் போடாதே. நானும் நம்பி மூன்று பங்க் மாற்றினேன்.

திருப்பம் ஒரு பொங்கல் லீவில் வந்தது. மாமியார் வீடு வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டில். மலை ஏறும் முன் பொள்ளாச்சியில் டேங்கை நிரப்புவது என் அப்பா காலத்துப் பழக்கம். அன்றைக்கு பங்கில் வரிசை ரோடு வரை நின்றது. பாதி டேங்க் இருக்கிறதே, போதும் என்று கிளம்பிவிட்டேன். நாற்பது வளைவும் ஒரு திணறல் இல்லாமல் ஏறியது வண்டி. மேலே போய் இறங்கின பிறகுதான் அது உறைத்தது. அதுவரை மலைதான் காரணம் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு மலைப் பயணத்துக்கும் முன்னால் ஃபுல் டேங்க் போட்டிருக்கிறேன் என்பது கணக்கிலேயே வரவில்லை. ஊருக்குள் ஐந்நூறு, ஆயிரம் என்று போடுகிறவனுக்கு எப்படித் தெரியும்? கோவை திரும்பியதும் வேண்டுமென்றே ஃபுல் போட்டுவிட்டு சமதளத்தில் பல்லடம் ரோட்டில் ஓட்டினேன். இரண்டாவது சிக்னலிலேயே திணறியது.

அதற்குப் பிறகுதான் ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் வாங்கினேன், காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகி, போனில் ஒரு ஆப் போட்டால் போதும். இதை முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும். பிழைக் குறியீடு படிப்பதற்காக மட்டும் இல்லை. ஓடும்போது வரும் எண்களில்தான் விஷயம் இருக்கிறது.

அதில் முக்கியமானது ஃபியூயல் டிரிம். எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ காற்றின் அளவைக் கணக்கிட்டு அதற்கேற்ற பெட்ரோலை விடுகிறது. எரிந்து வெளியே வரும் புகையை ஆக்சிஜன் சென்சார் பார்த்து, பெட்ரோல் கூடியதா குறைந்ததா என்று சொல்கிறது. அதற்கேற்ப ஈசியூ செய்யும் திருத்தம்தான் டிரிம், சதவீதத்தில். பிளஸ் என்றால் கூட்டுகிறது, மைனஸ் என்றால் குறைக்கிறது. சைபரை ஒட்டி ஐந்துக்குள் இருந்தால் கவலை இல்லை, பத்தைத் தாண்டினால் தேட வேண்டும். குறுகிய கால டிரிம், நீண்ட கால டிரிம் என்று இரண்டு உண்டு. இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

என் வண்டியில் சாதாரண நாளில் மைனஸ் 3. ஃபுல் போட்டுவிட்டு வந்த அன்று ஐடிலில், அதாவது மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, மைனஸ் 17. ஐடில் வேகமும் நிமிஷத்துக்கு வழக்கமான 750 சுற்றுக்குப் பதில் 900-ஐ ஒட்டி. பம்ப் பலவீனமாக இருந்தால் பெட்ரோல் போதாமல் டிரிம் பிளஸ்ஸில் ஏற வேண்டும், அதுவும் மிதிக்கும்போது. இங்கே தலைகீழ். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் விடாத பெட்ரோல் எங்கிருந்தோ எஞ்சினுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. பம்ப் வாங்கியிருந்தால் அந்தப் பணமும் போயிருக்கும்.

காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரையும் ஒரு கை பார்த்தேன். சாவியைத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் மேப் சென்சாரின் எண்ணைப் பார்த்தால் வெளிக் காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். ஆழியாறு அடிவாரத்தில் 97 கிலோபாஸ்கல், வால்பாறையில் 90. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் உள்ள ஊருக்கு அது சரியான கணக்கு. சென்சார் மேல் குற்றமில்லை.

மிஞ்சியது பர்ஜ் வால்வு. டேங்கில் எழும் பெட்ரோல் ஆவியைக் காற்றில் விடாமல் ஒரு கரி டப்பாவில் பிடித்து வைக்கிறார்கள், அதுதான் கேனிஸ்டர். எஞ்சின் சூடாகி ஓடும்போது, ஈசியூ பார்த்துப் பார்த்து ஒரு சின்ன வால்வைத் திறந்து அந்த ஆவியை எஞ்சினுக்குள் இழுத்து எரித்துவிடும். ஐடிலில் காது கொடுத்தால் சிலசமயம் டிக் டிக் என்று கேட்குமே, அது இந்த வால்வு. கரன்ட் இல்லாதபோது மூடியே இருக்க வேண்டும். என் ஆப்பில் பர்ஜ் கட்டளை சைபர் சதவீதம் என்று காட்டியது, டிரிம் அப்போதும் மைனஸ் 17. திறக்கச் சொல்லாத கதவு திறந்து கிடக்கிறது.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்த்தேன். எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டின் மேல், கட்டைவிரல் பருமனில் கறுப்பு பிளாஸ்டிக். இரண்டு ஹோஸ், இரண்டு வயர் கப்ளர். ஸ்டார்ட் செய்து, கேனிஸ்டரிலிருந்து வரும் ஹோஸை மட்டும் உருவிவிட்டு வால்வின் மூக்கில் விரலை வைத்தேன். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அங்கே இழுப்பே இருக்கக் கூடாது. என் விரல் நுனியை ஒட்டி இழுத்தது, எஞ்சின் சத்தமும் மாறியது. அணைத்துவிட்டு வால்வைக் கழற்றி, ஒரு துண்டு ரப்பர் குழாய் செருகி ஊதினேன். காற்று தாராளமாகப் போனது. வெள்ளைத் தாளில் தட்டினால் பென்சில் சீவிய தூள் மாதிரி கறுப்பாக உதிர்ந்தது. அது கேனிஸ்டருக்குள் இருக்க வேண்டிய கரி. (இதைச் செய்கிறவர்கள் திறந்த இடத்தில் செய்யுங்கள். அந்த ஹோஸில் வருவது பெட்ரோல் ஆவி, பக்கத்தில் பீடி கூட கூடாது.)

உறுதி செய்துகொள்ள, மேனிஃபோல்டு பக்கத்து மூக்கை ரப்பர் மூடி போட்டு அடைத்துவிட்டு, ஃபுல் டேங்கோடு ஒன்பதாவது வளைவு வரை ஏறினேன். சுத்தமாக இழுத்தது. ஒரு நாள் சோதனைக்குத்தான் இது. அப்படியே விட்டுவிட்டால் கரி டப்பா நிறைந்து ஆவி வெளிக் காற்றில்தான் கலக்கும்.

ஆவி கூடுதலாக வந்தால் ஏன் திணற வேண்டும் என்பது எனக்கும் முதலில் குழப்பம்தான். லேசாக மிதிக்கும்போதும் ஐடிலிலும் மேனிஃபோல்டில் உறிஞ்சும் விசை அதிகம், ஆவி ஏராளமாக உள்ளே வரும். ஈசியூ அதற்கேற்ப இன்ஜெக்டரைக் குறைத்து வைத்திருக்கும். திடீரென்று அழுத்தி மிதித்தால் த்ராட்டில் திறந்து உறிஞ்சல் போய்விடும், ஆவி நின்றுவிடும். ஈசியூவோ இன்னும் பழைய நினைப்பில் பெட்ரோலைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு நொடி எஞ்சின் பட்டினி. வெயிலும் உயரமும் சேர்ந்தால் டேங்கில் ஆவி இன்னும் கூடும், அதனால்தான் மலையில் மோசம்.

சரி, கரி எப்படி வால்வுக்குள் வந்தது? இங்கேதான் எனக்கு வெட்கம். பங்கில் நாசில் தானாக டக்கென்று நின்ற பிறகு, "ரவுண்டா போட்டுடலாமாண்ணா?" என்று தம்பி கேட்பான். நான் ஒரு நாளும் வேண்டாம் என்றதில்லை. கழுத்து வரை, சில சமயம் வண்டியை ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்சம். ஆவி மட்டும் போக வேண்டிய பாதையில் பெட்ரோலே போய்க் கரியை நனைத்திருக்கிறது, ஃபுல் போட்ட நாளில் ஆவி அவ்வளவு வந்தது அதனால்தான். வருஷக்கணக்கில் நனைந்து காய்ந்து கரி உதிர்ந்து, தூள் வால்வின் வாயில் போய் உட்கார்ந்துவிட்டது.

சரிசெய்ததிலும் ஒரு பாடம் படித்தேன். முதலில் கஞ்சத்தனமாக வால்வை ஸ்ப்ரே அடித்துக் கழுவிப் போட்டேன், மூன்று வாரம் தாங்கியது. பிறகு 74,000-இல் புது வால்வு, 1,950 ரூபாய். ஐந்து மாதம் நிம்மதி. 79,000-இல் மறுபடியும் மைனஸ் 14. கழற்றித் தட்டினால் மறுபடியும் கறுப்புத் தூள். அப்போதுதான் பின்பக்கம் டேங்க் ஓரமாக இருந்த கேனிஸ்டரைக் கழற்றி ஆட்டிப் பார்த்தோம். தகர டப்பாவில் அரிசி போட்டு ஆட்டின மாதிரி சலசலவென்றது. அதையும் மாற்றி, கேனிஸ்டருக்கும் வால்வுக்கும் நடுவில் உள்ள குழாயைக் கம்ப்ரசர் காற்றில் ஊதிச் சுத்தம் செய்து, இன்னொரு வால்வு போட்டோம். எல்லாம் சேர்த்து 7,700. அதற்கப்புறம் 19,000 கிலோமீட்டர், பதினொரு தடவை மலை. டிரிம் ஒரு தடவையும் 7-ஐத் தாண்டவில்லை. வால்வில் தூள் இருந்தால் வால்வோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

எல்லாத் திணறலும் இதுதான் என்று சொல்ல வரவில்லை. மழையில், ஈரத்தில், அழுத்தி மிதிக்கும்போது மட்டும் வெட்டி வெட்டி இழுத்து, டிரிம் சாதாரணமாக இருந்தால் பிளக், காயில் பக்கம் போகலாம். வேகமும் பாரமும் கூடக் கூட டிரிம் பிளஸ்ஸில் ஏறினால் ஃபில்டர், பம்ப். அதுவும் கேஜ் வைத்து அளந்த பிறகு. எங்கள் தெரு மெக்கானிக் மேல் எனக்குக் கோபமில்லை, அந்த பிளக்குகள் உண்மையிலேயே மாற்ற வேண்டியவை. காயிலுக்குக் கொடுத்த 6,800-தான் இன்னும் உறுத்துகிறது.

எத்தனால் பற்றியும் கேட்பீர்கள். 20 சதவீதக் கலவை வந்த பிறகு என் டிரிம் பிளஸ் 4, 5 பக்கம் நகர்ந்திருக்கிறது. எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும், அதனால் அதே காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் விட வேண்டியிருக்கிறது. மைலேஜ் கொஞ்சம் அடி வாங்கியது உண்மை. ஆனால் என் திணறலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூன்று பங்க்காரர்களையும் வீணாகச் சந்தேகப்பட்டேன்.

இப்போது நாசில் நின்றதும் நானும் நிறுத்திக்கொள்கிறேன். 2,143 ரூபாய், 1,878 ரூபாய் என்று பில் வருகிறது, தம்பிகள் சில்லறைக்கு முகம் சுளிக்கிறார்கள். ஒரு குறை மட்டும் பாக்கி. வால்பாறையில் டிசம்பர் காலையில், முதல் ஸ்டார்ட் ஆனதும் உடனே எடுத்தால், முதல் கியரில் மெல்லிய தயக்கம் ஒன்று இருக்கிறது. ஒரு நிமிஷம் ஓடவிட்டு எடுத்தால் போய்விடுகிறது. மாமியார் காபி கொடுக்காமல் விடுவதில்லை என்பதால் அந்த ஒரு நிமிஷம் எப்படியும் கிடைத்துவிடுகிறது, ஸ்கேனரை இன்னும் எடுக்கவில்லை.