துடுப்புச் சக்கரமா, காற்றுக் குமிழியா: உங்கள் குட்டைக்கு எது?

விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு டார்ச் அடித்துக் குட்டையைப் பாருங்கள். ஆக்சிஜன் குறைந்திருந்தால் பெரிய மீன்கள்தான் முதலில் மேலே வந்து வாயைப் பிளந்து மூடிக்கொண்டிருக்கும். பகலெல்லாம் ஆக்சிஜன் தந்த பாசியே இரவில் அதை உறிஞ்சியிருக்கும். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நல்லது. 3-க்குக் கீழே போனால் பெரும்பாலான வளர்ப்பு மீன்கள் தீனியைத் தொடாது.

எந்த ஏரேட்டர் (நீரில் ஆக்சிஜன் ஏற்றும் கருவி) வாங்குவது என்பதை விலைப்பட்டியலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதலில் நீரின் ஆழத்தை அளந்து பாருங்கள்.

ஒன்று, ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள மண் குட்டைக்குத் துடுப்புச் சக்கரம்தான் என் தேர்வு. நீரை அள்ளித் துளித்துளியாக வீசுகிறது. அந்தத் துளிகள் காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கிக்கொள்கின்றன. கூடவே குட்டை நீர் முழுவதையும் சுழல வைக்கிறது. சோதனைத் தொட்டியில் நல்ல சக்கரம் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 2 கிலோ ஆக்சிஜன் கரைக்கும். காற்றைத் தள்ளும் புளோயரும், அதை நீரடியில் நுண்துளைகள் வழியே குமிழிகளாக விடும் டிஃபியூசரும் சேர்ந்து ஏறக்குறைய அதில் பாதிதான். காரணம் எளிது: ஒரு மீட்டர் நீரைக் குமிழி சில நொடிகளில் கடந்துவிடும், அதற்குள் எவ்வளவுதான் கரையும்?

ஆழம் கூடினால் கணக்கு மாறும். குமிழி நீரில் தங்கும் நேரம் கூடும், அடிநீரும் மேலே வரும். சக்கரமோ மேல்நீரை மட்டும் கலக்கிக்கொண்டிருக்கும். பயோஃபிளாக் (கழிவை நுண்ணுயிர்த் திரளாக மாற்றும் முறை) போன்ற, மீன்களை நெருக்கமாக வளர்க்கும் தொட்டிகளுக்கும் டிஃபியூசரே சரி, அடியில் படியவிருக்கும் கழிவைத் தூக்கி மிதக்க வைக்கும். ஆனால் துளைகள் அடைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் பெரிய குமிழியாகக் கொப்பளித்து, மறுபக்கம் அசைவில்லாமல் இருந்தால் கழற்றிக் கழுவும் நேரம் வந்துவிட்டது. மின்சாரம் நின்றால் இப்படி நெருக்கமாக வளர்க்கும் தொட்டியில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே மீன் சாகத் தொடங்கலாம். ஜெனரேட்டர் இல்லாமல் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

பம்பு தள்ளும் நீரோட்டத்தாலேயே காற்றை உறிஞ்சிக் கலக்கும் வென்சூரி சின்னத் தொட்டிக்குப் போதும். பெரிய குட்டைக்குப் பம்பு தின்னும் மின்சாரம் கட்டுப்படியாகாது.

எதை வாங்கினாலும் சோதனைத் தொட்டிக் கணக்கு குட்டையில் அப்படியே வராது. அது ஆக்சிஜனே இல்லாத, 20 டிகிரி சுத்தமான நீரில் எடுத்தது. நீரில் ஏற்கெனவே 3 மில்லிகிராம் இருந்தால், 30 டிகிரியில் கிடைப்பது பாதியை ஒட்டித்தான். 1,000 சதுர மீட்டர் பரப்பும் 1.2 மீட்டர் ஆழமும் உள்ள குட்டையில் லிட்டருக்கு ஒரே ஒரு மில்லிகிராம் உயர்த்த 1.2 கிலோ ஆக்சிஜன் வேண்டும். ஒரு குதிரைத்திறன் சக்கரத்துக்கு அதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அதற்குள் பாசியும் மீனும் குடித்துத் தீர்ப்பது தனி. மீன் மேலே வந்தபின் ஸ்விட்ச் போட்டால் காலம் கடந்துவிட்டது என்று சொல்வது இதனால்தான்.

நல்ல வெயிலில் ஆக்சிஜன் அளக்கும் மீட்டர் 10 மில்லிகிராமைத் தாண்டிக் காட்டும் நேரத்தில் மணிக்கணக்காக ஓட்டினால், மிகையாக உள்ள ஆக்சிஜன்தான் வெளியேறும். அடிநீரைக் கலக்கச் சிறிது நேரம் ஓட்டுவது வேறு.

எப்போது போடுவது? இருட்டியதும் ஒருமுறை, மூன்று மணி நேரம் கழித்து ஒருமுறை அளந்து, இரண்டு புள்ளிகளையும் ஒரு கோட்டால் இணைத்து விடியல் வரை நீட்டுங்கள். இரவு 7 மணிக்கு 8, 10 மணிக்கு 6.5 என்றால் மணிக்கு அரை மில்லிகிராம் இறங்குகிறது. 1 மணிக்கு 5-ஐத் தொடும், காலை 6 மணிக்கு 2.5 ஆகிவிடும். அன்று நள்ளிரவிலேயே ஏரேட்டர் ஓட வேண்டும்.