ஓசூர்–கிருஷ்ணகிரி–தருமபுரி ஹைட்ரன்ட் ஏ.எம்.சி: தண்ணீரைத் திறந்து காட்டாத சர்வீஸுக்குப் பணம் கொடுக்காதீர்கள்

ஓசூர் சிப்காட்டில் தொடங்கி சூளகிரி, குருபரப்பள்ளி, பர்கூர், போச்சம்பள்ளி வழியாக தருமபுரி வரை, சொந்த ஹைட்ரன்ட் லைன், அதாவது தீயணைப்புத் தண்ணீர்க் குழாய், போட்ட ஆலைகளும் குடோன்களும் மருத்துவமனைகளும் கல்லூரிகளும் ஏராளம். அவற்றைப் பராமரிக்க ஆண்டு ஒப்பந்தம், அதாவது ஏ.எம்.சி, எடுப்பவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கே எந்த ஒரு கம்பெனியையும் மதிப்பிடவில்லை. இந்தப் பகுதியில் கிடைக்கும் சர்வீஸ் எந்த அளவுக்குப் பயன்படுகிறது, ஒப்பந்தத்தில் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

முதலில் பொறுப்பு யாருடையது என்பது தெளிவாக இருக்கட்டும். காம்பவுண்டுக்குள் இருக்கும் லைன், வால்வு, பம்ப், தொட்டி எல்லாம் உரிமையாளருடையவை. அவை வேலை செய்யும் நிலையில் இருப்பதும் அவர் கடமைதான். தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம் 1985-இன் கீழ் உரிமம் வாங்கும் இடமாக இருந்தாலும், தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் 4-ஆம் பகுதிப்படி கட்டிய இடமாக இருந்தாலும், ஏ.எம்.சி கொடுத்துவிட்டதால் அந்தக் கடமை சர்வீஸ்காரர் தலைக்கு மாறிவிடாது. பராமரிப்பை எப்படிச் செய்ய வேண்டும் என்பதைக் கட்டடத்துக்குள் இருக்கும் ஹைட்ரன்ட்டுக்கு இந்தியத் தரநிலை (ஐ.எஸ்.) 3844-உம், வெளியில் இருப்பதற்கு ஐ.எஸ். 13039-உம் சொல்கின்றன. ஒப்பந்தத்தில் இந்த இரண்டு எண்களும் இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் மேலே பேசவே வேண்டாம்.

இங்கே வழக்கமாகக் கிடைப்பது மூன்று மாதத்துக்கு ஒரு விசிட். இரண்டு பேர் வருவார்கள். ஹோஸ் பாக்ஸைத் துடைப்பார்கள், தீயணைப்புக் கருவிகளின் கேஜைப் பார்ப்பார்கள், டேக்கில் தேதி எழுதுவார்கள். பம்ப் ரூமில் ஒரு நிமிடம் மோட்டாரை ஓட்டிவிட்டு, “சார், ஒரு சைன் போட்டுடுங்க” என்று ரிப்போர்ட்டை நீட்டுவார்கள். கையடக்கத் தீயணைப்புக் கருவிகளைப் பொறுத்தவரை இந்த சர்வீஸ் நன்றாகவே இருக்கிறது. ரீஃபில் தேதி தவறுவதில்லை, டேக் ஒழுங்காக இருக்கிறது, உரிமம் புதுப்பிக்கும்போது காகிதங்களும் தயாராக இருக்கின்றன. ஹைட்ரன்ட்டுக்கு மட்டும் இது போதவே போதாது. ரிப்போர்ட்டில் “லைன் பிரஷர் 7, ஓகே” என்று இருக்கும். அது மூடிய லைனின் அழுத்தம் (பார் என்ற அலகில்). பூமிக்கடியில், லைனைப் பகுதி பகுதியாக மூட உதவும் ஒரு செக்‌ஷன் வால்வு முக்கால்வாசி மூடியிருந்தாலும், குழாய் துரு அடைத்துப் பாதியாகச் சுருங்கியிருந்தாலும், தண்ணீர் ஓடாத நேரத்தில் கேஜ் அதே 7-ஐத்தான் காட்டும். தண்ணீரைத் திறந்தால்தான் உண்மை தெரியும்.

திறந்து பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. பம்ப் ரூமுக்கு மிகத் தொலைவில் அல்லது மிக உயரத்தில் இருக்கும் ஹைட்ரன்ட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பதைத் திறந்து காட்டுவது கணக்கில் சேராது. 63 மி.மீ. ஹோஸ் 15 மீட்டர் நீளத்தில் ஒன்றை மாட்டி, 20 மி.மீ. நாசில் உள்ள பிராஞ்ச் பைப்பை (தண்ணீரைப் பீய்ச்சும் முனைக்குழாய்) இருவர் பிடிக்க வேண்டும். வீலை மெதுவாகத் திறக்க வேண்டும். முதலில் வரும் செந்நிறத் தண்ணீர் தெளியும்வரை ஓடட்டும். தனியார் ஹைட்ரன்ட்டை ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுதாகத் திறந்து, தண்ணீர் தெளியும்வரை, குறைந்தது 1 நிமிடம் ஓடவிட வேண்டும் என்கிறது அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் பராமரிப்புத் தரநிலையான என்.எஃப்.பி.ஏ. 25. நம் பகுதி போர்வெல் தண்ணீருக்கு 3 நிமிடம் வைத்துக்கொள்வது நல்லது. தெளிந்தபின், பாயும் தண்ணீரின் அழுத்தத்தை அளக்கும் பிடாட் கேஜின் முனையை நாசில் வாயிலிருந்து அதன் விட்டத்தில் பாதி தூரத்தில், அதாவது 20 மி.மீ. நாசிலுக்கு 10 மி.மீ. தள்ளி, நீர்த்தாரையின் நடுவில் பிடித்து அளக்க வேண்டும். 3.5 பார் காட்டினால் நிமிடத்துக்குச் சுமார் 480 லிட்டர் வருகிறது என்று அர்த்தம். 2 பார் காட்டினால் 365 லிட்டர்தான். அதே நேரத்தில் ஹைட்ரன்ட் வாயில் ஒரு கேஜ் பொருத்தி அங்குள்ள அழுத்தத்தையும் குறிக்க வேண்டும். மிகத் தொலைவான இடத்தில் தண்ணீர் ஓடும்போதும் 3.5 பாருக்குக் குறையக் கூடாது. 7-ஐத் தாண்டினால் ஹோஸைப் பிடித்து நிற்பது ஆபத்து. அங்கே அழுத்தத்தைக் குறைக்கும் ஆரிஃபிஸ் தட்டு போட வேண்டும்.

மூடும்போதும் அவசரம் கூடாது. சட்டென்று மூடினால் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் முட்டி, அந்த அதிர்ச்சி லைன் முழுக்கப் போகும். பழைய வெல்டிங் விடுவதும், பெண்டில் கசிவு தொடங்குவதும் அப்படித்தான். “தண்ணீர் வீணாகுமே” என்று மறுப்பவர்களுக்குக் கணக்கு இதோ: 3 நிமிடத்துக்குச் சுமார் 1,440 லிட்டர். ஹோஸைத் தோட்டத்துக்கோ சம்புக்கோ திருப்பிவிட்டால் அதுவும் வீணாகாது.

இந்தச் சோதனையைக் கேட்காமலேயே செய்பவர்கள் இங்கே குறைவு. கேட்டால் செய்கிறார்கள், ஆனால் பிடாட் கேஜ் கையில் இருப்பதில்லை. கேஜ் சொந்தமாக வைத்திருக்கிறாரா, அதற்கு அளவீட்டுச் சான்றிதழ் இருக்கிறதா என்று விலை பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது லேண்டிங் வால்வு, அதாவது ஹோஸை மாட்டித் திறக்கும் வால்வு. ஐ.எஸ். 5290 முத்திரை உள்ள கன்மெட்டல் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வால்வுகள்தான் இங்கே பெரும்பாலும். ஒவ்வொரு வால்வையும் ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். துடைத்துப் பெயின்ட் அடிப்பது அந்தக் கணக்கில் வராது. செக்‌ஷன் வால்வை மூடி, அந்தப் பகுதித் தண்ணீரை வடித்து, மேல்மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினால் ஸ்பின்டில் (வீலோடு திரும்பும் தண்டு) டிஸ்க்கோடு மேலே வரும். டிஸ்க்கின் அடியில் இருக்கும் ரப்பர் வாஷரில் வட்டமாக ஆழமான தழும்பு விழுந்திருந்தாலோ, ரப்பர் கல்லாக இறுகியிருந்தாலோ மாற்ற வேண்டும். வாஷர் மாற்றியும் சொட்டினால் சீட்டில் (வாஷர் போய் உட்காரும் இடம்) கீறல் இருக்கிறது என்று பொருள். விரல் நகத்தை வைத்துத் தடவினாலே தெரியும். ஸ்பின்டில் மரையைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, தண்ணீரில் கரையாத கிரீஸ் தடவ வேண்டும். கிளாண்டில், அதாவது ஸ்பின்டில் வெளியே வரும் இடத்தில், கசிந்தால் நட்டைக் கால் சுற்று மட்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். இந்த இடத்தில்தான் பல சர்வீஸ் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். கசிவு நிற்க வேண்டும் என்று நட்டைக் கடைசிவரை முறுக்கிவிடுகிறார்கள். கசிவு நின்றுவிடும், இரவு ஷிப்டு செக்யூரிட்டி ஒருவரால் வெறும் கையில் வீலைத் திருப்பவும் முடியாது. பேக்கிங் கயிறு தேய்ந்துவிட்டால் புதிது சுற்றுவதுதான் வழி. வேலை முடிந்ததும் உங்கள் செக்யூரிட்டியை அழைத்து வீலைத் திருப்பச் சொல்லுங்கள். அவரால் முடிந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

வால்வு வாயின் மூடி காணாமல் போயிருப்பது சின்ன விஷயமாகத் தெரியும். திறந்த வாய்க்குள் ஜல்லியும் பாட்டில் மூடியும் போய் உட்கார்ந்துகொள்ளும், குளவியும் கூடு கட்டும். திறந்த வேகத்தில் அவை நாசிலில் போய் அடைக்கும். மூடியோடு சங்கிலியும் இருக்க வேண்டும்.

பம்ப் ரூமில் முதலில் பார்க்க வேண்டியது பேனல் செலக்டர். அது ‘ஆட்டோ’வில் இல்லையென்றால் மற்ற எல்லாமே வீண். பிறகு பிரஷர் ஸ்விட்ச்சுகள். லைன் 7 பாரில் நிற்கிறது என்றால், 6-க்கு இறங்கியதும் ஜாக்கி (சிறு கசிவை ஈடுகட்டும் சின்ன பம்ப்) ஓட வேண்டும், 5-இல் மெயின் மோட்டார், 4-இல் டீசல் என்று படிப்படியாக அமைப்பது வழக்கம். டிரெயின் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, எந்த அழுத்தத்தில் எது எடுக்கிறது என்று எண்ணாக எழுத வேண்டும். டீசலைப் பார்க்கும்போது மெயின் மோட்டாரை ஆஃப் செய்வார்கள். திரும்ப ஆட்டோவுக்குப் போட மறந்துவிட்டுப் போவதும் உண்டு. ஆகவே கிளம்பும் முன் பேனலைப் படம் எடுத்து ரிப்போர்ட்டில் ஒட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மெயின் பம்ப் தானாக நிற்கக் கூடாது, கையால்தான் நிறுத்த வேண்டும். அழுத்தம் ஏறியதும் தானே நிற்கும்படி யாராவது அமைத்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

ஜாக்கி சில நிமிடங்களுக்கு ஒருமுறை எடுத்துக்கொண்டே இருந்தால் எங்கோ தண்ணீர் போகிறது. பெரிய ஜாக்கி போடலாம் என்று சொல்பவர் கசிவை மறைக்கப் பார்க்கிறார். ஜாக்கியை நிறுத்திவிட்டு, பம்புகளின் வெளியேற்று வால்வுகளைக் கொஞ்ச நேரம் மூடிப் பாருங்கள். அழுத்தம் இறங்குவது நின்றுவிட்டால் கோளாறு, தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வில்தான். தண்ணீர் தொட்டிக்கே திரும்பிக்கொண்டிருக்கிறது. தொடர்ந்து இறங்கினால் கசிவு லைனில். செக்‌ஷன் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடி எந்தப் பகுதி என்று பிடித்துவிடலாம். இதைச் செய்யாமல் நேராகத் தரையைத் தோண்டச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

டீசல் என்ஜினில் பெரும்பாலும் காலை வாருவது பேட்டரி. சார்ஜர் விளக்கு பச்சையாக எரிகிறது என்பதை ஏற்காதீர்கள். ஸ்டார்ட் அடிக்கும் நொடியில் 12 வோல்ட் பேட்டரியின் அளவு 9.6-க்குக் கீழே விழுந்தால் மாற்ற வேண்டிய நேரம். என்ஜினை வாரம் ஒருமுறை 30 நிமிடம் ஓட்டச் சொல்கிறது என்.எஃப்.பி.ஏ. 25. அப்போதுதான் என்ஜின் முழுதாகச் சூடாகும், ரேடியேட்டர் கோளாறும் அப்போதுதான் தெரியும். இதை ஏ.எம்.சி ஆள் வந்து செய்ய முடியாது. உங்கள் மெயின்டனன்ஸ் ஆளே செய்து பதிவேட்டில் எழுத வேண்டும்.

நம் மாவட்டங்களுக்கே உரிய சில தொல்லைகளும் உண்டு. போர்வெல் தண்ணீரின் உப்பு ஜாக்கியின் மெக்கானிக்கல் சீலிலும் சக்‌ஷன் ஸ்ட்ரெய்னரிலும் (உறிஞ்சு குழாயின் வடிகட்டி) வெள்ளையாகப் படியும். ஸ்ட்ரெய்னரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்ற வேண்டும். கிரானைட் பாலிஷ் யூனிட்டுகளில் கல்மாவு ஸ்பின்டில் மரையில் ஏறி இறுகும். அங்கே வால்வுகளை மாதந்தோறும் ஒருமுறை முழுதாகத் திருப்பிப் பார்க்காவிட்டால் ஆண்டு முடிவில் அசையாது. கிருஷ்ணகிரி சுற்றுவட்டார மாங்கூழ் ஆலைகளின் பிரச்சினை வேறு. சீசன் முடிந்ததும் ஆள் குறைந்துவிடும், தீயணைப்புத் தொட்டித் தண்ணீரைக் கழுவுவதற்கு எடுத்துவிடுவார்கள். காலி டின், அட்டைப்பெட்டி, பேலட் எல்லாம் அப்போதும் குடோனில்தான் இருக்கும். தொட்டி ஒன்றே என்றால் மற்ற உபயோகத்துக்கான உறிஞ்சு குழாயைத் தீயணைப்பு இருப்பு மட்டத்துக்கு மேலே ஏற்றி வைப்பதுதான் தீர்வு. அறிவிப்புப் பலகை வைப்பதால் பயனில்லை.

ஹோஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஐ.எஸ். 636 முத்திரை, பாக்ஸுக்கு இரண்டு 15 மீட்டர் ஹோஸ், ஒரு பிராஞ்ச் பைப். சோதனைக்குப் பின் நிழலில் காயவைத்து, பழைய மடிப்பிலேயே மடிக்காமல் வேறு இடத்தில் மடிக்க வேண்டும். கப்ளிங்கில் சுற்றிய கம்பி தளர்ந்திருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். கன்மெட்டல் கப்ளிங்கும் நாசிலும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும் இடங்களில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாறுங்கள்.

இனி எந்த ஒப்பந்தம் நல்லது என்று பார்ப்போம். உதிரிபாகம் உட்பட எல்லாம் சேர்த்த ஒப்பந்தம் கேட்க வசதியாக இருக்கும். ஆனால் வாஷரும் பேட்டரியும் அவர் செலவு என்பதால், “இன்னும் ஆறு மாசம் தாங்கும் சார்” என்று தள்ளிப்போடும் ஆசை அதிலேயே இருக்கிறது. கூப்பிட்டால் மட்டும் வரும் முறை பராமரிப்பே அல்ல. விசிட்டுக்குத் தனி விலை, உதிரிபாகங்களுக்கு முன்கூட்டியே எழுதிய விலைப்பட்டியல் என்ற வகையைத்தான் பரிந்துரைக்கிறோம். சீட் வாஷர், கிளாண்ட் பேக்கிங், மூடி, ஹோஸ் வாஷர் ஆகியவற்றில் பத்தில் ஒரு பங்கு வால்வுகளுக்காவது ஆகும் அளவு உங்கள் ஸ்டோரிலேயே இருக்கட்டும்.

இன்னொரு ஷரத்து கட்டாயம் வேண்டும். பழுதுக்காக லைனை மூடினால், மூடிய வால்வில் சிவப்பு டேக் தொங்க வேண்டும், மூடிய நேரம் பதிவேட்டில் ஏற வேண்டும், அந்த நேரத்தில் வெல்டிங், கட்டிங் எதுவும் நடக்கக் கூடாது. வேலை முடிந்து வால்வைத் திறந்தபின், அதே பகுதியின் கடைசி ஹைட்ரன்ட்டில் தண்ணீர் வருவதைக் காட்டிய பிறகே டேக்கை எடுக்க வேண்டும். செக்‌ஷன் வால்வு திறந்த நிலையிலேயே சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கட்டும், சாவி செக்யூரிட்டி அறையில் இருக்கட்டும்.

இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்ச் சாலைகளில் அழுத்தத்தோடு தண்ணீர் தரும் பொது ஹைட்ரன்ட் இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. 4,500 லிட்டர் கொள்ளளவு உள்ள தீயணைப்பு வண்டி வந்து, 3.5 பாரில் ஒரு 20 மி.மீ. நாசிலைத் திறந்தால் 9 நிமிடத்தில் காலி. இரண்டு நாசில் என்றால் 5 நிமிடம்கூட வராது. அடுத்த வண்டி வரும்வரை உங்கள் லைன்தான் ஓட வேண்டும். வண்டி பொருத்தும் நான்கு வாய் இன்லெட்டின் முன்னால் லாரி நிற்காதபடி பாருங்கள். அதன் மூடிகள் கையால் திறக்கின்றனவா, உள்ளே நான்-ரிட்டர்ன் வால்வு பிடிக்கிறதா என்பதும் விசிட் பட்டியலில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதத்தையும் யோசித்து வையுங்கள். ஆண்டுச் சோதனையை ஜனவரி, பிப்ரவரியில் வைத்தால், பழுது தெரிந்து பாகம் வந்து மாற்றி முடிப்பதற்குள் கோடை தொடங்கியிருக்காது. மாங்கூழ் ஆலைகளும் சீசன் ஆள் எடுக்கும் முன்பே வேலையை முடித்துவிடலாம். கடைசித் தவணையில் நாலில் ஒரு பங்கை, தொலைவு ஹைட்ரன்ட்டின் பிடாட் அளவு எழுதிய ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகே கொடுங்கள்.