பலகையில் பூண்டு வாடை, வளையத்தில் குழம்பு வாடை: பல வருடப் புழக்கத்தில் தெரிந்துகொண்டது

மரப்பலகை, மரக்கரண்டிகள், மண்சட்டி, குக்கர் மூடியின் சிலிகான் வளையம் என எல்லாமே என் சமையலறையில் வருடக்கணக்காகப் புழங்குபவை. நன்றாகத் தேய்த்துக் கழுவினாலும் வாடை விடாது என்பதுதான் இவற்றின் பொதுவான தொல்லை. ஆனால் எல்லா வாடைக்கும் ஒரே மருந்து கிடையாது. எலுமிச்சையைத் தேய்த்தால் எல்லாம் போய்விடும் என்று சொல்வார்கள். அது பாதி உண்மை.

மீன் வாடைக்கு எலுமிச்சை நிஜமாகவே வேலை செய்கிறது. அந்த வாடைக்கு முக்கியக் காரணமான ட்ரைமெத்திலமைன் காரத்தன்மை கொண்டது. புளிப்பு பட்டதும் அது உப்பாக மாறிவிடும். அப்புறம் காற்றில் கிளம்பாமல் தண்ணீரோடு போய்விடும். வினிகரும் இதையேதான் செய்யும். பூண்டு, வெங்காய வாடை வேறு ரகம். அதற்குக் காரணம் கந்தகச் சேர்மங்கள். அவற்றிடம் எலுமிச்சை பெரிதாக ஒன்றும் செய்யாது, தன் மணத்தால் கொஞ்ச நேரம் மறைத்து வைக்கும், அவ்வளவுதான்.

பூண்டு வாடைக்கு நான் செய்வது இது: ஈரப் பலகையில் கல்லுப்பைத் தூவி அழுத்தித் தேய்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் விடுவேன். மரத்துக்குள் இறங்கிய ஈரத்தை உப்பு ஓரளவு வெளியே இழுக்கும். அதோடு வாடையும் குறையும், முழுதாகப் போகாது. பழைய எண்ணெய் காறிப்போன வாடை என்றால் சமையல் சோடாவைக் குழைத்துத் தடவுவேன். எண்ணெய் கெட்டால் அமிலங்கள் உண்டாகும், சோடா அவற்றைத் தணிக்கும். சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டி நுரை பொங்குவதைக் காட்டும் வீடியோக்கள் நிறைய. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிடுவதால், கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் சோடியம் அசிடேட் என்ற உப்பு கலந்த தண்ணீர்தான்.

இதையெல்லாம்விட அதிகப் பலன் தந்தது காயவைப்பதுதான். கழுவியதும் பலகையைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி வைக்கிறேன். ஈரம் தங்கினால் கிருமிகள் பெருகிப் புது வாடை கிளம்பும். கடும் வெயிலில் நாள் முழுக்கப் போட்டால் மரம் வளைந்து வெடிக்கும், நிழல் காற்றே போதும். ஒரு பக்கம் பூண்டு வெங்காயத்துக்கு, மறுபக்கம் பழத்துக்கு என்று பிரித்து அடையாளம் போட்ட பிறகு ஆப்பிளில் பூண்டு வாடை வருவது அநேகமாக நின்றது.

உண்மையான தலைவலி சிலிகான் வளையம். பார்க்க வழவழப்பாக இருந்தாலும், எண்ணெயில் கரையும் மணப்பொருட்கள் அதற்குள்ளேயே ஊறிவிடும். மேலே எத்தனை சோப்பு போட்டும் பயன் இல்லை. எனக்குப் பலன் கொடுத்தது சூடு. கழற்றிய வளையத்தை 120 டிகிரி செல்சியஸில் ஓவனில் அரை மணி நேரம் வைத்தால் வாடை ஆவியாகி வெளியேறுகிறது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், வீடு முழுக்கக் குழம்பு மணக்கும்! வளையம் ரப்பரா சிலிகானா, எவ்வளவு சூடு தாங்கும் என்று தயாரிப்பாளர் குறிப்பில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். ரப்பரை ஓவனில் வைக்கவே கூடாது. அப்படியும் சில மாதங்களில் வாடை திரும்ப வரும். இனிப்புக்கு ஒன்று, காரத்துக்கு ஒன்று என இரண்டு வளையம் வைத்துக்கொள்வதுதான் நிம்மதி.

மண்சட்டிக்குச் சோப்பு வேண்டாம், உறிஞ்சிக்கொண்டு அடுத்த சமையலில் விடும். சோடா கலந்த தண்ணீரை அதிலேயே மெதுவாகக் கொதிக்கவிட்டு, ஆறியதும் கொட்டிக் காயவைத்தால் சரி.

எதற்கும் மசியாத பலகையை உப்புத்தாளால் தேய்த்து மேல் அடுக்கை எடுத்துவிடலாம். அதன்பின் உணவுத் தரமுள்ள மினரல் ஆயில் தடவுங்கள். சமையல் எண்ணெய் தடவினால் அதுவே காறிப்போய்ப் புது வாடை கொடுக்கும்.